ஒரு பழைய படகைப் புதுப்பித்தல்



திருப்பதிக்குக் கடல் உண்டா என்று யாரேனும் கேட்டால் நம்மில் பலர் சிரிப்போம். ஏழு மலைகளும், சுவாமி புஷ்கரிணியும், அதில் மிதந்து வரும் தெப்பமும் நினைவுக்கு வருமே தவிர, அலைகடல் நினைவுக்கு வராது. ஆனால் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் முதல் திருப்பதி மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு. அன்று ஆந்திரப் பிரதேசத்தின் மாவட்டங்கள் புதிதாகப் பிரிக்கப்பட்டன. பழைய சித்தூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியோடு நெல்லூர் மாவட்டத்தின் தென்பகுதியும் சேர்ந்து திருப்பதி மாவட்டம் ஆயிற்று. சூலூர்ப்பேட்டையும், தடாவும், ஸ்ரீஹரிகோட்டாவும், பழவேற்காட்டு ஏரியின் பெரும்பரப்பும் அதற்குள் வந்தன. சித்தூர் மட்டும் முன்போலவே கடலைக் காணாத ஊராக, மாந்தோப்புகளுக்கு நடுவே நிற்கிறது.

அந்தச் சித்தூரில் எங்கள் குடும்பத்தார் ஒரு படகைப் புதுப்பித்தோம். கடலில்லாத ஊரில் படகு வேலையா என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஊராரும் அப்படித்தான் கேட்டார்கள். அந்த வேலை எவ்வாறு நடந்தது, அதிலே நாங்கள் கற்றது என்ன என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்கு இதில் பயன்படும் செய்தி ஒன்று உண்டு என்று நம்புகிறோம்.

நாங்கள் உடன்பிறந்தோர் இருவர். ஒருவர் பெங்களூரிலும் மற்றவர் புனேயிலும் வேலை பார்க்கிறோம். எங்கள் சிற்றப்பா சென்னைக் காசிமேட்டில் படகு கட்டும் கொட்டகை ஒன்றில் நெடுங்காலம் உழைத்தவர். வயதான பின் சித்தூருக்கே திரும்பிவிட்டார். திரும்பும்போது அவர் கொண்டுவந்த ஒரே பெரிய உடைமை, லாரியில் ஏற்றி வந்த பழைய படகு. யாரோ ஒருவர் வேண்டாமென்று கழித்துவிட்டதை அவர் சொற்ப விலைக்கு வாங்கியிருந்தார். 14 அடி நீளம். பின்புறத்தில் பொறி மாட்டி விரைவாக ஓட்டுவதற்கென்று செய்த விளையாட்டுப் படகு. கண்ணாடி இழையால் ஆனது. அதன் வயது நாற்பதைத் தாண்டும் என்பது சிற்றப்பாவின் கணிப்பு.

கண்ணாடி இழையால் படகா என்று சிலர் வியக்கலாம். மீனவர்கள் ஃபைபர் போட் என்று சொல்வது இதைத்தான். உருக்கிய கண்ணாடியை மயிரினும் மெல்லிய இழைகளாக இழுத்து, அவற்றைப் பாயாகவும் துணியாகவும் ஆக்குகிறார்கள். அந்தப் பாயை அச்சின்மேல் விரித்து, ரெசின் என்னும் செயற்கைப் பிசினை ஊற்றித் தேய்த்தால், பிசின் இறுகி, இழையும் பிசினும் ஒரே உடலாகிவிடும். இழை வலிமையைத் தருகிறது. பிசின் உருவத்தைத் தருகிறது. சுவர் கட்டுகிறவன் மண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதிப்பதும் இதே தத்துவந்தான். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டொலிடோ நகரில் ரே கிரீன் என்பவர் 1942ஆம் ஆண்டில் இவ்வகையில் ஒரு படகைச் செய்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலகெங்கும் இது பரவிற்று.

நம் கடற்கரைக்கு இது பிந்தியே வந்தது. மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரமே நம்மவர் கலம். அந்தச் சொல்லை ஆங்கிலமும் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டது. 1979இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மணற்கரையில் நேரே வந்து ஏறும் கண்ணாடி இழைப் படகுகளை அத்திட்டத்தினர் வடிவமைத்துச் சோதித்தனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து மரக்கலங்களை அழித்துச் சென்ற பின், அரசும் அறநிலையங்களும் நிவாரணமாக வழங்கியவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகளே. இன்று தமிழகக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் எங்கும் அவற்றைக் காணலாம்.

எங்கள் படகைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே யோசனை சொன்னார்கள்: “மேலே நன்றாக வர்ணம் பூசிவிடுங்கள், புதிது போலாகிவிடும்.” அதன் தோற்றத்தைக் கண்டவர்க்கு அப்படித்தான் தோன்றும். மேற்பூச்சு வெளுத்திருந்தது, ஆங்காங்கே கீறல் இருந்தது, மற்றபடி உருக்குலையவில்லை. மரப்படகு கெட்டால் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் அடிக்கும், கையால் தொட்டால் உதிரும். கண்ணாடி இழை அப்படித் தன் நோயைச் சொல்லாது. வெளியே பளபளப்பு நிற்க, உள்ளே கேடு வளரும். இதுதான் இப்பொருளின் இயல்பு என்பதைச் சிற்றப்பா முதல் நாளே சொல்லிவிட்டார்.

நோயைக் கண்டுபிடிக்க அவர் கையாண்ட கருவி ஒரு நாணயம். படகின் மேனியை அங்குலம் அங்குலமாக நாணயத்தால் தட்ட வேண்டும். உடல் கெட்டியாக இருக்கும் இடத்தில் ஒலி ‘டிண்’ என்று கூர்மையாக எழும். அடுக்குகள் பிரிந்தோ உள்ளே நீர் ஊறியோ இருக்கும் இடத்தில் ‘டொக்’ என்று மழுங்கி விழும். சந்தையில் பானை வாங்கும் நம் பாட்டிமார் விரலால் தட்டிப் பார்ப்பார்கள் அல்லவா? அதே சோதனைதான். மழுங்கிய ஒலி எழுந்த இடங்களையெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டோம். வட்டங்கள் மிகுதியாக விழுந்த இடம் பின்பலகை.

பின்பலகை என்பது படகின் பிற்பக்கத்தை அடைத்து நிற்கும் சுவர். பொறியின் எடையையும் உந்துதலையும் தாங்குவது அதுவே; படகின் இரு பக்கங்களையும் விலகாமல் பிடித்து நிற்பதும் அதுவே. கண்ணாடி இழையை மட்டும் அடுக்கி அத்தனை தடிமன் கொண்டுவந்தால் செலவும் எடையும் மிகும். ஆகையால் நடுவே ஒட்டுப்பலகையை வைத்து இருபுறமும் இழையால் போர்த்துவது வழக்கம். எங்கள் படகின் உட்போர்வையை அறுத்துத் திறந்தபோது, அந்த ஒட்டுப்பலகை நனைந்த புண்ணாக்குப்போல் உதிர்ந்து கொட்டியது. காரணம் பெரிய மோதல் அன்று. யாரோ என்றோ பொருத்திய நாலைந்து திருகாணிகள். திருகாணித் துளையின் வாயை அடைக்காமல் விட்டதால், அதன் வழியே நீர் சொட்டுச் சொட்டாக இறங்கி, பல ஆண்டுகளில் பலகை முழுவதையும் தின்றுவிட்டது. வர்ணம் பூசி நீரில் இறக்கிப் பொறியை மாட்டியிருந்தால், என்றேனும் ஒரு நாள் பின்பலகை பொறியோடு பெயர்ந்து போயிருக்கும். படகில் இருப்பவர் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு பெரிய தடை எதிர்ப்பட்டது. வேலை தெரிந்தவர் சிற்றப்பா ஒருவரே. அவரோ வேலை செய்யக்கூடாது. கண்ணாடி இழைத் தூளும் பிசின் ஆவியும் நிறைந்த கொட்டகைகளில், மூக்கை மூடும் உறைகூட இன்றிப் பல ஆண்டுகள் உழைத்ததில், அவருடைய நுரையீரல் நலிந்து போயிருந்தது. தூசி படும் இடத்துக்கே போகக்கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. எனவே காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக, சற்றுத் தொலைவில் மாமரத்தடியில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தோம். அவர் சொல்ல வேண்டியது, நாங்கள் செய்ய வேண்டியது என்று ஏற்பாடு ஆயிற்று.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த ஏற்பாடு அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது. அவர் கையால் கற்றவர். தம் ஆசானிடம் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டதைவிடப் பார்த்துத் தெரிந்துகொண்டதே அதிகம். “இப்படி” என்று கையை நீட்டிக் காட்டுவார். தொலைவிலிருந்து அது எங்களுக்கு விளங்காது. “எப்படி?” என்று நாங்கள் கேட்போம். சிறிது நேரம் யோசித்து, தம் கை அறிந்ததற்கு ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துச் சொல்வார். பிசின் எவ்வளவு இளகியிருக்க வேண்டும்? “விளக்கெண்ணெய் போல ஒழுக வேண்டும், தேன் போல இழுத்தால் நேரம் கடந்துவிட்டது.” ரோலரை எவ்வளவு அழுத்த வேண்டும்? “குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல.” இவ்வாறு அவர் சொன்னவற்றையெல்லாம் நாங்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தோம். படகின் முன்முனைக்கு அணியம், அடிமரத்துக்கு ஏரா, விலா எலும்புபோல் நிற்பவைக்கு வங்கு என்று மரக்கலக் காலத்துச் சொற்களை அவர் இயல்பாகச் சொன்னார். உதவிக்கு வந்த தச்சர் தெலுங்கர். அவர் ‘படவ’ என்றதும், பழந்தமிழ்ப் ‘படவு’ அல்லவா இது என்று நாங்கள் மகிழ்ந்தோம். ரெசின், ரோலர், கிரைண்டர் ஆகியவை இரு மொழிக்கும் பொதுவாகிவிட்டன.

வேலையின் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். முதலாவது, உலர்த்தல். நீர் ஊறிய உடலின்மேல் பிசின் பற்றாது. பொங்கல் விடுமுறையில் அறுத்துத் திறந்த படகைக் கூரையின் கீழ் கவிழ்த்து வைத்துவிட்டு, நாங்கள் அவரவர் வேலைக்குத் திரும்பினோம். மே மாதம் வரை அது உலர்ந்தது. விடுமுறைக்கு மட்டுமே ஊர் வரும் எங்களைப் போன்றவர்களுக்கு இத்தகைய வேலை பொருத்தமாகவே அமைந்தது. அவசரப்பட்டாலும் அது விரைவாக முடியாது.

இரண்டாவது, சரிவு. ஓட்டை விழுந்த இடத்தில் ஓட்டையின் அளவுக்கு மட்டும் ஒரு துண்டை வைத்து ஒட்டினால் நிற்காது. அதன் விளிம்பைச் சுற்றிலும் நீண்ட சரிவாகத் தேய்க்க வேண்டும். தடிமனைப்போல் 12 மடங்கு அகலம் என்பது கணக்கு. 5 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், விளிம்பிலிருந்து 60 மில்லிமீட்டர் வரை சரிவு வேண்டும். பழையது தன் உடலில் அத்தனை இடம் விட்டுக் கொடுத்தால்தான் புதியது பற்றிக்கொள்ளும்.

மூன்றாவது, கலவை. 100 பங்கு பிசினுக்கு 1 முதல் 2 பங்கு வரை இறுக்கும் திரவம் சேர்க்க வேண்டும். வெயில் ஏற ஏறக் கலவை விரைந்து இறுகும். சித்தூர்க் கோடையில் நடுப்பகலில் கலந்தால் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். ஆகவே விடியற்காலையில், திரவத்தை ஒரு பங்காகக் குறைத்து, சிறிது சிறிதாகவே கலந்தோம். பாயை விரித்து, பிசினில் நனைத்து, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் அனைத்தையும் ரோலரால் வெளியேற்ற வேண்டும். எஞ்சிய ஒரு குமிழி பின்னாளில் நீர் தங்கும் குழியாகும்.

நான்காவது, புதிய பின்பலகை. கடல்நீர் தாங்கும் ஒட்டுப்பலகை இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி, ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் பிசின் ஊட்டி வைத்தோம். திருகாணி வர வேண்டிய இடங்களில் சிற்றப்பா ஓர் அரிய முறையைச் சொல்லிக் கொடுத்தார். முதலில் தேவைக்கு மேல் பெரிய துளை போட வேண்டும். அத்துளை முழுவதையும் பிசினால் நிரப்பி இறுகவிட வேண்டும். பிறகு அப்பிசினின் நடுவே திருகாணிக்கு உரிய சிறு துளையைப் போட வேண்டும். அப்போது நீர் இறங்கினாலும் அது பிசினைத் தொடுமேயன்றி மரத்தைத் தொடாது. பழைய படகைக் கெடுத்த வழி இவ்வாறு அடைக்கப்பட்டது.

இதைக் கேட்டு வீட்டிலே முயல எண்ணுகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள் சொல்வது எங்கள் கடமை. தேய்க்கும்போது தூளை வடிகட்டும் முகவுறையும், பிசின் பூசும்போது அதன் ஆவியைத் தடுக்கும் முகவுறையும் அணியாமல் தொடங்கக்கூடாது. கைக்கு உறையும் கண்ணுக்குக் கவசமும் வேண்டும். இறுக்கும் திரவம் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே கேடு வரும். உடனே நிறைய நீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவரிடம் விரைய வேண்டும். கோபால்ட் என்னும் ஊக்கியை இறுக்கும் திரவத்தோடு நேராக ஒருபோதும் கலக்கக்கூடாது, வெடித்துத் தீப்பற்றும். வேலை நடக்கும் இடத்தில் நெருப்பும் புகையிலையும் கூடா. மாமரத்தடி நாற்காலியில் மூச்சிரைக்க அமர்ந்திருந்தவரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்த எங்களுக்கு, முகவுறை அணியும்படி எவரும் இருமுறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குடும்பத்தார் கூடிப் படகு செய்வது நம்மவர்க்குப் புதிதன்று. பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் அப்துல் கலாம், ‘அக்கினிச் சிறகுகள்’ என்னும் தம் வரலாற்றில் தம் தந்தையாரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். தமக்கு ஆறு வயது இருக்கும்போது, இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல, தந்தையார் ஜைனுலாப்தீன் கடற்கரையிலேயே ஒரு மரப்படகு கட்டினாராம். அதற்குத் துணை நின்றவர் உறவினர் அகமது ஜலாலுத்தீன். அவர் பிறகு கலாமின் தமக்கையாரை மணந்தார். அந்தப் படகு பின்னர்ப் புயலில் போய்விட்டது. ஆனால் கடற்கரையில் பொருள்கள் உருப்பெறுவதை அருகிருந்து கண்ட சிறுவன் வளர்ந்து, இழை வலுவூட்டிய பிளாஸ்டிக்குகளைக் கையாளும் பொறியியலாளரானார். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1980 ஜூலை 18ஆம் நாள் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. அதன் மேல்நிலைகளின் எரிபொருட் கூடுகள் இழையும் பிசினும் சேர்ந்த பொருளால் ஆனவை. அது புறப்பட்ட இடம் ஸ்ரீஹரிகோட்டா. இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. அத்தீவின் மேற்கே விரிந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. அதில் மீனவர்கள் ஓட்டும் கண்ணாடி இழைப் படகும் அதே இனத்துப் பொருள்தான்.

இங்கே ஒரு கேள்வி எழும். இவ்வளவு உழைப்பும் காலமும் செலவிட்டுப் பழைய படகைக் காக்க வேண்டுமா? புதியது வாங்கினால் என்ன? இதற்கு விடை அப்பொருளின் தன்மையிலேயே இருக்கிறது. பழுதுபட்ட கட்டுமரம் விறகாகும்; இல்லையேல் மட்கி மண்ணாகும். இரும்பை உருக்கலாம். இறுகிய கண்ணாடி இழையை உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. மண்ணும் அதனைச் செரிக்காது. எரித்தால் நச்சுப் புகை எழும். கைவிட்ட படகு கரையிலேயே கிடந்து, நொறுங்கித் தூளாகி, நீரிலும் மணலிலும் கலக்கும். ஆகவே இப்படகுகளுக்குச் செய்யத்தக்க முதல் நன்மை அவற்றின் ஆயுளை நீட்டுவதே. மீனவக் குடும்பத்துக்குப் புதுப் படகு என்பது பெருங்கடன். பழுதை அறிந்து, அறுத்துத் திறந்து, முறைப்படி சீர்செய்யத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு குப்பத்திலும் இருந்தால் அந்தக் கடன் பல ஆண்டுகள் தள்ளிப்போகும்.

எங்கள் படகு அடுத்த பொங்கலுக்கு முடிந்தது. மழையால் நிறைந்திருந்த ஊர் ஏரி ஒன்றில், பொறி மாட்டாமல், மணல் மூட்டைகளைப் பாரமாக ஏற்றி ஓர் இரவு முழுவதும் மிதக்கவிட்டோம். காலையில் அடித்தளத்தில் கைவிட்டுப் பார்த்தோம், உலர்ந்திருந்தது. சிற்றப்பா தாமே துடுப்பை எடுத்துச் சிறிது தூரம் போய்வந்தார். வேகத்துக்கென்று பிறந்த படகு அன்று மாட்டுவண்டியின் வேகத்தில்தான் சென்றது. அவருக்கு அதுவே போதுமாயிருந்தது. பழவேற்காட்டு ஏரியில் அதனை விரைந்து ஓட்டும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அது பூநாரைகள் இரைதேடும் ஆழமில்லாத ஏரி, பறவைகளின் புகலிடம். அங்கே படகுக்குத் துடுப்பே தகும்.

படகைவிட எங்களுக்கு அதிகமாகப் பயன்பட்டிருப்பது அந்தக் குறிப்பேடு. அதைப் படியெடுத்துச் சிற்றப்பாவின் பழைய தோழர்கள் சிலருக்கு அனுப்பினோம். அவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். கையோடு மறைந்துபோக இருந்த ஒரு தொழிலறிவு, சொல்லாகி, எழுத்தாகி, இன்னொரு தலைமுறையின் கைக்கு வந்துவிட்டது.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். அவர் தறி நெய்தவராக இருக்கலாம். சக்கிலே எண்ணெய் ஆட்டியவராக இருக்கலாம். கிணற்றுப் பொறி பழுது பார்த்தவராக இருக்கலாம். தாம் செய்த தொழிலைச் சொல்லத் தெரியாது என்றே அவர் எண்ணிக்கொண்டிருப்பார். அடுத்த முறை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, பழுதான ஒரு பொருளை அவர்முன் வைத்து, “இதை எப்படிச் சரிசெய்வது?” என்று கேளுங்கள். அவர் கையால் காட்டினால் நிறுத்தி, சொல்லால் சொல்லுமாறு வேண்டுங்கள். பொறுமையாகக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தைகளையும் அருகில் உட்கார வையுங்கள். பிற மாநிலத்தில் வளரும் அக்குழந்தைகளுக்குத் தமிழ் பாடநூலின் மொழியாக மட்டும் இராமல், வேலை செய்யும் மொழியாகவும் அப்போது அறிமுகமாகும்.